உளுந்துச் செடிமேல் நின்ற வண்டி

எங்கள் புது வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே தெரியாது. அதற்காகத்தான் அதை வாங்கினோம். தஞ்சாவூர் ஷோரூமில் முதல்முறை ஏறி உட்கார்ந்தபோது, "எப்பங்க ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டேன். விற்பனைப் பிரிவில் இருந்த பெண் சிரித்தாள். "ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஆச்சு மேடம்."

பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார். மெதுவாகப் போகும்போது பேட்டரி, வேகம் எடுத்தால் எஞ்சின். எது எப்போது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை, வண்டியே முடிவு செய்துகொள்ளும். வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்க இரட்டைக் கண்ணாடி. முன்னால் போகும் வண்டி நின்றால் தானும் நிற்கும். வேனிலில் குளிர்ச்சி தரும் இருக்கை. என் கணவர் இருபது வருடமாக ஒரே டீசல் காரை ஓட்டியவர். அது கிளம்பினால் எதிர்வீட்டு நாய் எழுந்து நகரும். அவருக்கு இந்த அமைதி ஒரு விருது வாங்கியதைப் போல இருந்தது.

பங்குனி மாதம், மகளுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள், வலங்கைமான் பக்கத்திலிருக்கும் என் கணவரின் அக்கா வீட்டுக்கு வண்டியைக் காட்டப் போனோம். பாபநாசம் வரைக்கும் அவர் பேசிக்கொண்டே வந்தார். ஒரு மணல் லாரியைத் தாண்டும்போது, "பாத்தியா, மிதிச்சதும் எப்படிப் போகுது பாரு" என்றார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பயணம் என்றால் வாந்தி வரும். அதற்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தன் போனை வண்டியோடு இணைத்துப் பாட்டு வைத்துவிட்டு, பின்னிருக்கையில் சுருண்டு தூங்கிப்போனாள். அந்த மாத்திரை போட்டால் அவளை எழுப்புவது லேசில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் சாலை முழுக்க உளுந்து. நெல் அறுத்த வயலில் போட்டு, பிடுங்கி, காயவைத்த செடிகளைத் தார்ச் சாலையில் பரப்பியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் இது வழக்கம். பஸ்ஸும் ஆட்டோவும் மேலே ஏறிப் போனால் காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும். ஆள் கூலி மிச்சம். அண்ணி, அதாவது என் நாத்தனார், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பெண்களோடு செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பக்கத்தில் போய் நிற்கும்வரை மூன்று பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடி ஆத்தீ! எப்ப வந்தீங்க? சத்தத்தையே காணோமே, தள்ளிக்கிட்டா வந்தீங்க?" என்றார் ஒரு பெண்.

"பேட்டரியில ஓடுதுக்கா" என்றார் என் கணவர், இதைச் சொல்லத்தான் வந்தவர் மாதிரி.

அண்ணி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "தம்பி, காலையிலேருந்து ஒரு பஸ்ஸும் வரல. நீ நாலு தடவ முன்ன பின்ன ஏத்திடேன். மொதமொத நம்ம உளுந்து மேல ஓடுனா வண்டிக்கும் நல்லதுதான்" என்றார்.

என் கணவர் தயங்கினார். "தாழ்வான வண்டிக்கா. அடியில சுத்திக்கும்."

"பால் வண்டிக்காரன் ஏத்துறான், எம்.எல்.ஏ. வண்டி ஏறிப் போச்சு. ஒங்க வண்டிக்கு மட்டும் கௌரவம் கொறஞ்சிடுமா?" என்றார் அந்தப் பெண்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. புது வண்டி வந்ததும் மாறிவிட்டார்கள் என்று பேச்சு வரும். "உங்க அக்கா கேக்குறாங்க. நாலு தடவ போனா என்ன ஆயிடப் போகுது?" என்று நான்தான் சொன்னேன்.

அவர் ஓட்டினார். எஞ்சின் சத்தம் இல்லை. செடி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சாலை ஓரத்துப் புங்கமர நிழலில் நிறுத்தினார். அங்கேயும் கீழே செடிதான். காய்ந்த கொடி வண்டியின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது.

"இவளை எழுப்பாதீங்க, பாவம், தூங்கட்டும்" என்றேன். "ஏசியை அணைச்சிடாதீங்க."

"அணைக்க வேண்டியதே இல்லை. எஞ்சின் ஓடல, பேட்டரியிலேயே ஏசி ஓடும்" என்றார்.

நான் எட்டாம் வகுப்புக்கு எரிதல் பாடம் நடத்துகிறவள். எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, வெப்பம். இரண்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்துபோனேன். மூன்றாவது அங்கே இல்லை என்று முழுதாக நம்பினேன். பாபநாசத்திலிருந்து எஞ்சின் ஓடி வந்த சூடு அடியில் இருக்கும் என்பதுகூட என் புத்திக்கு எட்டவில்லை.

அண்ணி வீடு அங்கிருந்து நாற்பது அடி. டீ போட்டுக் கொடுத்தார். மகளுக்கு எவ்வளவு மார்க் வரும் என்று பேச்சு வந்தது. என் கணவர் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வெளியே இருந்த பெண் வாசலில் வந்து நின்று, "அண்ணே, ஒங்க வண்டிக்கு அடியில பொகை வருது" என்றார்.

"புகையா? எஞ்சினே ஓடலையே" என்றார் இவர், டம்ளரைக் கீழே வைக்காமல்.

"ஏசித் தண்ணியா இருக்கும், ஆவியா தெரியும்" என்று நானும் சொன்னேன். சொன்னேன்! இன்னொரு வாய் டீயும் குடித்தேன்.

"ஆவியில செடி கருகுமாக்கா?" என்றார் அந்தப் பெண்.

நாங்கள் ஓடினோம். வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பி, பின்சக்கரத்தின் பக்கம் மஞ்சளாக ஒரு நாக்கு தெரிந்தது. கிட்டே போனபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி குறைந்ததும் ஏசிக்காக அது தானாகக் கிளம்பியிருக்கிறது. யாரும் சாவியைத் திருகவில்லை, யாரும் உள்ளே உட்கார்ந்து மிதிக்கவில்லை.

கதவை இழுத்தேன். திறக்கவில்லை. இவர் சாவியின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். வண்டி இயங்கும்போது வெளியிலிருந்து அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்பதை அந்த நிமிஷத்தில்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் போன பிறகு யாரோ கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்களாம். மகள் கூச்சப்பட்டு, தூக்கத்திலேயே எட்டி, முன்கதவிலிருந்த எல்லாக் கதவுக்குமான பூட்டை அழுத்திவிட்டு மறுபடி படுத்திருக்கிறாள்.

கண்ணாடியை அறைந்தேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, நான் பெற்ற அன்று படுத்திருந்த மாதிரியே படுத்திருந்தாள். அசையவில்லை. என் சத்தம் உள்ளே போகவில்லை. இரட்டைக் கண்ணாடி. அண்ணி மண்வெட்டிப் பிடியால் ஓங்கி அடித்தார். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது, உடையவில்லை.

ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்தார். "தண்ணி ஊத்தாதீங்க! பேட்டரி இருக்கு, கரண்டு!" என்று இவர் கத்தினார். அந்தப் பெண் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஊற்றுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் எனக்கு அது சரியா தவறா என்று தெரியாது. அண்ணிதான், "மண்ணை அள்ளுங்கடி!" என்று கத்தி, முந்தானையில் வயல் மண்ணை வாரிச் சக்கரத்தடியில் எறிந்தார். மற்ற இருவரும் கையாலேயே செடியை இழுத்தார்கள்.

நான் எதற்காகப் போனை எடுத்தேன் என்று தெரியாது. யாரைக் கூப்பிடுவது என்றும் யோசிக்கவில்லை. விரல் தானாக மகள் எண்ணை அழுத்தியது. அவள் போன் இன்னும் வண்டியோடு இணைந்திருந்தது. உள்ளே இருந்த எல்லா ஒலிபெருக்கிகளும் ஒன்றாக அலறியிருக்க வேண்டும். வெளியே எனக்குக் கொசு முனகுவது போலத்தான் கேட்டது. அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்து, பேய் அறைந்தவள் போலப் பின்னால் நகர்ந்தாள். பிறகு கதவைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் உளுந்தின்மேல் விழுந்தோம்.

தீ பெரிதாகவில்லை. அடியிலிருந்த பிளாஸ்டிக் உருகி ஒழுகியது, ஒரு சக்கரம் கருகியது. அவ்வளவுதான். வண்டியைத் தூக்கிப்போக வந்த மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "சைலன்சரைச் சுத்தி முழுக்கச் செடிங்க. நல்லவேளை, சீக்கிரம் பாத்தீங்க" என்றார். கையேட்டில், காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள் என்று ஒரு வரி இருந்ததாம். இவர் பிறகு படித்துக் காட்டினார். நான் கேட்க விரும்பவில்லை.

அண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நாந்தானே ஏத்தச் சொன்னேன்" என்று போனில் அழுதார். இவரோ, வண்டியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்தது தன் தப்பு என்று தன் தம்பிகளிடம் சொல்லிக்கொண்டார். சொந்தக்காரர்களும் அவரைத்தான் திட்டினார்கள். "பொண்ணை உள்ள வச்சு வண்டியை அணைக்காம போற ஆளா நீ?" என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட, நான்தான் அப்படிச் சொன்னேன் என்று வாய் திறக்கவில்லை.

வண்டி திரும்பி வந்த பிறகு மகளை டியூஷனுக்கு அதில்தான் விடுகிறோம். போன வாரம் ரயில்வே கேட்டில் நின்றிருந்தோம். இவர் கேட் எப்போது திறக்கும் என்று விசாரிக்க இறங்கிப் போயிருந்தார். எஞ்சின் நின்றிருந்தது, அல்லது நின்றிருந்தது போல இருந்தது. அவள் பின்னால் கண் மூடிப் படுத்திருந்தாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, முழங்காலைத் தட்டினேன்.

"உசிரோடதாம்மா இருக்கேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"அப்பா மேல தப்பில்ல" என்றேன். "ஏசியை அணைக்காதீங்கன்னு சொன்னது நான். ஏத்தச் சொன்னதும் நான்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன. எழுப்பாதீங்க, பாவம், தூங்கட்டும்னு. அப்ப லேசா முழிப்பு இருந்துச்சு. நல்ல அம்மான்னு நெனச்சுக்கிட்டே தூங்கிட்டேன்."

கேட் திறந்தது. இவர் வந்து ஏறி, "என்ன, ரெண்டு பேரும் அமைதியா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"அப்பாகிட்டயும் சொல்லும்மா" என்றாள் அவள் பின்னாலிருந்து.

பின்னாலிருந்து ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். தண்டவாளத்தைத் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.