தீர்த்தம் விழுந்த மணிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். எட்டாவதோடு நின்றவள், எழுத்து அவ்வளவாக வராது. அதைவிட, பெருமாள் தீர்த்தத்தைக் குறை சொன்ன பாவம் வந்துவிடுமோ என்ற பயம்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அதை நடத்தியவர் காஞ்சிபுரத்து முஸ்லிம் வீட்டுப் பெண், கிருமிகளைப் பற்றிப் பெரிய படிப்பு படித்தவர். வயதில் சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் மேடம் என்பேன். தயிரில் இருப்பது போன்ற நல்ல கிருமிகளை வளர்த்து மாட்டுத் தீவனத்தில் கலக்கக் கொடுப்பார். வெறுமனே கொடுத்தால் வயிற்றுப் புளிப்பிலேயே அவை செத்துவிடுமாம். அதனால் கடற்பாசி மாவுக் கரைசலில் கலந்து, ஊசிக்குழாயில் எடுத்து, கால்சியம் உப்புத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு விழுந்ததும் ஜவ்வரிசி மாதிரி இறுகும். அந்த உறைக்குள் கிருமிகள் உயிரோடு குடல் வரை போய்ச் சேரும். சொட்டு விடுவது என் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை தாமலிலிருந்து ஒருவர் வந்தார். கழிச்சலில் ஒரு கன்று செத்துவிட்டது, இன்னொன்றும் படுத்துவிட்டது என்று கண் கலங்கினார். மாட்டு டாக்டர் மருந்தோடு இதையும் கொடுக்கச் சொன்னாராம். ஞாயிறு காலை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வந்தேன். கையில் வீட்டுக்கென்று பாட்டிலில் வாங்கிய தீர்த்தம், துளசியும் பச்சைக் கர்ப்பூரமும் போட்டது. வாயில்லா ஜீவன் பிழைக்கட்டும் என்று உப்புத் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றி, கோவிந்தா என்று முதல் சொட்டை விட்டேன். மணிகள் முத்து மாதிரி வந்தன. மேடமே மெச்சினார்.

மத்தியானம் அலமாரியில் எறும்புக்காக நான் வைத்திருந்த கர்ப்பூரத்தை மேடம் பார்த்துவிட்டார். அதெல்லாம் நம் கிருமிகளுக்கு ஆகாது என்று எடுத்து வெளியே போட்டார். தீர்த்தத்திலும் பச்சைக் கர்ப்பூரம் இருந்ததே என்று அப்போதுதான் நினைவு வந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனுஷனின் முகம் விடவில்லை. சொல்லிவிட்டேன்.

மேடம் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"கிருமி செத்துச்சா பொழைச்சுதான்னு பார்க்க ரெண்டு நாளாவும்க்கா. தெரியாத ஒண்ண எப்படி கன்னுக்குட்டிக்குக் குடுக்கிறது?" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "உங்க சாமி நமக்கு டபுள் டூட்டி போட்டுட்டாரு போங்க."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கழுவும் தொட்டியில் ஊற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாக்கடைக்குப் போவும்க்கா. தீர்த்தம் இருக்குதுல்ல அதுல."

தானே பாத்திரத்தைத் தூக்கிப் போய்த் தென்னை மரத்தடியில் கொட்டினார். மிச்சமிருந்த கிருமிக் கரைசலை வைத்து இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தோம். நடுவில் மேடம் தொழுதுவிட்டு வந்து, என் கைக்கு ஓய்வு கொடுத்து அவரே சொட்டு விட்டார்.

கன்று ஒரு வாரத்தில் எழுந்து நின்றது. மருந்தா மணியா, எனக்குச் சொல்லத் தெரியாது. நான் வீட்டில் சொன்னது பரவி, எங்கள் தெருவிலோ தீர்த்தம் போட்ட மணியைத் தின்றுதான் எழுந்தது என்று பேசிக்கொண்டார்கள். கேட்க இனிப்பாக இருந்தது, நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சில் மேடம் இல்லவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கன்று தின்றது இரண்டாம் தடவை செய்த மணி. தென்னைக்குப் போனது தீர்த்தம் விழுந்தது. யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். பெருமாளுக்காக என்று ஒன்றும் சேர்க்காதீர்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பெண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.