ஒழுகும் வீட்டின் பெறுமதி

மைக்கல் வருமான வரி கட்டத் தொடங்கிய மாதத்தில் அவர் நடையே மாறிவிட்டது. ரத்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர்தான் டீமேக்கர், ஃபேக்டரியில் இலை தூளாகும்வரை பொறுப்பு அவருக்கு. சம்பளத்தில் வரி வெட்டினால் மற்றவன் வயிற்றில் அடித்துக்கொள்வான். இவரோ கோயிலில் புதுநன்மை வாங்கிய பிள்ளைபோல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "இப்ப நாம கவர்மெண்டுக்கே குடுக்கிற ஆளு" என்று என்னிடம் சொன்னார்.

நான் அதே தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவன். எங்கள் இருவரின் குவாட்டர்ஸுக்கும் ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். மழை பெய்தால் இரண்டு பக்கமும் பாரபட்சமில்லாமல் ஒழுகும். என் சம்பளம் வரிக்கு எட்டாது என்பதால் எனக்கு ஒழுக்கு இலவசம். மைக்கல் அதற்குக் காசு கட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து, ஃபேக்டரியில் இலை அள்ளி, படிப்படியாக டீமேக்கரானவர் அவர். குவாட்டர்ஸ் கிடைத்த அன்றே கேட்டில் பெயர்ப்பலகை மாட்டினார். வீட்டுக்குள் எத்தனை வாளி வைத்தாலும் வெளியே அந்தப் பலகையைத் துடைக்க மறக்கமாட்டார். அவருடைய மனைவி டொறீனுக்குப் பலகையில் அவ்வளவு பக்தி இல்லை. அவளுக்கு மூச்சிழுப்பு வருத்தம். ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுத்துப் படுத்து, போன மழைக்கு இரண்டு தடவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"அடுத்த மழைக்குள்ள கூரைய செய்யலன்னா நான் நாலந்தாவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க பலகையோட இருங்க" என்று சொல்லி, பேக்கையும் எடுத்துக் கட்டிலடியில் வைத்துவிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மைக்கல் தொரையிடம் போனார். தோட்டத்து மெனேஜரை நாங்கள் இன்னும் தொரை என்றுதான் சொல்கிறோம். வெள்ளைக்காரன் போனாலும் அந்தச் சொல் போகவில்லை. தொரை அன்பாகக் கேட்டுவிட்டு, "காசு இல்ல மைக்கல், பழைய வீடுதானே" என்று அனுப்பிவைத்தார்.

ஏப்ரல் முடிகிற நேரம் டி-டென் வந்தது. சம்பளக்காரனுக்கு வேலை கொடுப்பவர் வருஷத்துக்கு ஒரு தடவை தரும் தாள் அது. போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரை என்ன கொடுத்தோம், அதில் எவ்வளவு வரி வெட்டினோம் என்று இருக்கும். மைக்கல் அதை ஜெபப்புத்தகம்போல விரித்து வாசித்தார். காசாகக் கொடுத்த சம்பளம் மேலே இருந்தது. அதற்குக் கீழே "காசல்லாத பெனிபிட்" என்று எழுதி, பக்கத்தில் நல்ல கொழுத்த தொகை.

தோட்டத்தில் பெனிபிட் என்றால் ஒரே அர்த்தம்தான். யூனியன்காரன் வந்து "பெனிபிட் வந்திருச்சு" என்றால், வரவேண்டிய பணம் வந்துவிட்டது, ஒப்பீஸில் வரிசையில் நில் என்று பொருள். மைக்கலும் அப்படியே விளங்கிக்கொண்டார். காசல்லாத என்றால் செக்காகத் தருவார்கள் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். நானும் தலையாட்டினேன். பட்டணத்தில் ஜிப்ரி நானாவின் ஹார்ட்வெயாரில் கூரைத் தகரத்துக்கு விலை கேட்டு வந்து, "பேக்க அவிழு" என்று டொறீனிடம் அதிகாரமாகச் சொன்னார்.

அடுத்த நாள் ஒப்பீஸுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். அங்கே கிளாக்கர் சசிக்குமார் இருந்தான்.

"தம்பி, இந்த பெனிபிட் எப்ப கைக்கு வரும்?"

"அது ஒங்களுக்குக் கெடைச்சிருச்சுங்களே ஐயா."

"எனக்கு வரலியே?"

"நீங்கதான் ஐயா அதுக்குள்ள இருக்கீங்க. கம்பெனி ஒங்களுக்குக் குவாட்டர்ஸ் குடுக்குதில்ல? அந்த வீட்டுப் பெறுமதியையும் சம்பளத்தோட கூட்டித்தான் வரி வெட்டுறது."

மைக்கல் தொகையை மறுபடி பார்த்தார். பழுதுபார்க்கக் கேட்டபோது மண்குடமாக இருந்த வீடு, வரி வெட்டும்போது பொன்குடமாகியிருந்தது. அவர் முகம் சிவந்ததைப் பார்த்து, பிரஷர் மாத்திரை கொடுக்கவேண்டி வருமோ என்று பயந்தேன். அவர் நேரே தொரையின் அறைக்குள் போனார்.

"சேர், இந்தத் தாள்ல இருக்கிற வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க. நான் அதுல போய் இருக்கிறேன்."

தொரை முதலில் சிரித்தார். பிறகு தாளைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. கம்பெனியிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்க்க ஏற்பாடாயிற்று. மைக்கலுடைய நல்லகாலம், அன்று மழை. வெளியே நனையாமல் குடையோடு வந்தவர் வீட்டுக்குள் நனைந்தார். டொறீன் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் கூரைத் தண்ணீர் விழ, அதைக் குடிக்காமலே "வசிக்க உகந்ததல்ல" என்று எழுதிக்கொண்டு போனார்.

மைக்கலுக்குத்தான் எத்தனை சந்தோஷம்! இனிக் கூரை வராமல் எங்கே போகும் என்று டொறீனின் பேக்கை அவரே அவிழ்த்து, சீலைகளை அலுமாரியில் அடுக்கினார். என் பக்கத்துக் கூரையையும் சேர்த்துச் செய்யச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். நானும் நம்பினேன். கூரை இல்லாதவனுக்கு நம்பிக்கையாவது இருக்கவேண்டாமா?

பெரிய மழை தொடங்கிய வாரம் கம்பெனி பதில் வந்தது. தகரம் வரவில்லை. திருத்திய டி-டென் வந்தது. காசல்லாத பெனிபிட் என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டிருந்தார்கள். வீடு வசிக்க உகந்ததல்ல என்பதால் அதற்குப் பெறுமதியும் இல்லையாம், கூடுதலாக வெட்டிய வரியைச் சரிசெய்து தருவார்களாம். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா!

டொறீன் அதை இரண்டு தடவை வாசித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் இழுப்பும் கேட்டது, பேச்சும் கேட்டது.

"குவாட்டர்ஸ்காரர்னு ஊரெல்லாம் சொன்னீங்க. இப்ப வீடே இல்லன்னு கம்பெனியே எழுதிக் குடுத்திருச்சு. இல்லாத வீட்டுல நான் எப்படிங்க இருக்கிறது?"

காலை பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். பேக்கைத் தூக்கிக்கொண்டு ரத்தோட்டை டவுன்வரை கூடப் போன மைக்கல், திரும்பி வந்து வெகுநேரம் கேட்டுக்குள் நுழையாமல் நின்றார். எனக்கு அவரைக் கேலி செய்ய ஆயிரம் வார்த்தை தெரியும். அன்று தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

அவர் உள்ளே போய்த் தன் சாமான்களைக் கட்டினார். மத்தியானம் தொரையின் மேசைமேல் வீட்டுச் சாவியை வைத்தார். டிஸ்பென்சரி மருந்துக் கணக்குத் தாள் நிரப்பப் போயிருந்த நான் கதவருகே நின்றேன்.

"என்ன மைக்கல் இது?"

"இல்லாத வீட்டுச் சாவி சேர். ரத்தோட்டை டவுன்ல ரூம் ஒண்ணு பாத்துட்டேன். வைஃப கூட்டிக்கிட்டு அங்க போறேன்."

தொரைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். பாதி ராத்திரியில் மெஷின் நின்றாலும், இலை கருகினாலும், அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிடுவதுபோல இந்த மனிசனைக் கூப்பிட்டே பழகியவர் அவர்.

"நீங்க டவுன்ல இருந்தா ராத்திரியில ஃபேக்டரிய யார் பாக்கிறது?"

"வீடு இருக்கிறவங்க யாராவது பாக்கட்டும் சேர்" என்றார் மைக்கல்.