நாய்களோடு பேசும் டாக்டர்

சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் அப்போது ஒரு டாக்டர் இருந்தார். முன்வழுக்கை, கடுகடுத்த முகம். ஆட்களைத் திட்டுவதென்றாலும் அவர்கள் கொண்டுவந்த மிருகத்திடம் சொல்லித்தான் திட்டுவார். "ஏலே, புண்ணு அழுகுற வரைக்கும் கோயில் புத்துமண்ணப் பூசிட்டு, இப்ப கூட்டிட்டு வாராரு பாத்தியா ஒங்க அண்ணாச்சி!" என்பார் நாயிடம். அண்ணாச்சி தலைகுனிவார்.

ஒருநாள் என் பூனையோடு காத்திருந்தேன். குருவிகுளத்து ஆட்டுக்காரர் ஒருவர், திடமான ஒரு நாயைக் கொண்டுவந்து, கொல்ல ஊசி போடச் சொன்னார். அது ஆட்டுக்குட்டியைக் கடித்துத் தின்றுவிட்டதாம்.

"ஏலே, நோயில்லாதவன எப்படிக் கொல்லன்னு கேளு. வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு" என்றார் டாக்டர், நாயிடம்.

"குட்டிய ருசி பாத்த நாய எவன் சார் வாங்குவான்? நீங்க போடலன்னா சோத்துல பூச்சிமருந்துதான் வைக்கணும்."

டாக்டர் முதல்முறையாக ஆளைப் பார்த்துக் கத்தினார். "துடிச்சுல்லா வே சாவும்!"

"அதுக்குத்தான சார் ஒங்ககிட்ட வந்தேன்."

மருந்து அலமாரியை அறைந்து சாத்தினார். பிறகு அவரே திறந்தார். நாய் வாலாட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. ஊசி போட்டு முடிக்கும்வரை அதனிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர், ஆட்டுக்காரர் இருவரில் ஒருவரையாவது திட்டித் தீர்க்கலாமென்றால் இன்றுவரை என்னால் முடியவில்லை. அந்த எரிச்சல் அப்படியே இருக்கிறது.

அன்று அடுத்து, மேஜைமேல் என் பூனை கத்தியது. அதனிடமும் அவர் பேசவில்லை.