கசவும் காப்பும்

கண்டதைக் கண்டபடி விட்டுவிடாமல், அது ஏன் அவ்வாறு இருக்கிறது என்று கேட்டுத் தெளியும் ஆவல் ஓர் அருங்குணம். கேட்பவர் பலர் இருக்கலாம். விடை கிடைக்கும்வரை உறக்கம் கொள்ளாதவர் சிலரே. அச்சிலருள் ஒருவர், திருவனந்தபுரம் கரமனையில் பல் மருத்துவம் பார்க்கும் அழகியநம்பி.

தகப்பனார் காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து அனந்தபுரிக்குக் குடிவந்த குடும்பம் அவருடையது. பல்வலி என்று வந்து நாற்காலியில் சாய்ந்தவரிடம், எந்தப் பக்கத்தால் மெல்லுகிறீர்கள், ஏன் அந்தப் பக்கம், சிறுவயது முதலே அப்படியா என்று தொடங்கிவிடுவார். திறந்த வாயோடு அவர் என்ன விடை சொல்வார், பாவம்! "பல்லைப் புடுங்கப் போனா டாக்டரு ஜாதகத்தையும் சேத்துப் புடுங்கிருவாரு" என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஆனாலும் தெருவார் எல்லாரும் போவது அவரிடந்தான்.

ஐம்பது கடந்த வயதில் அவர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். முன்பு வேறொருவர் ஓட்டியது. ஆயினும் தொழிற்சாலையில் பூசிய வண்ணம் ஓரிடத்திலும் மாறாதது. அவர் மனைவி சரஸ்வதியம்மாளுக்கு அதைக் கண்டவுடன் சிரிப்புத்தான் வந்தது.

"ஆள் இருக்க ரெண்டு சீட்டு. அதுக்கு இம்புட்டு நீளமா? ஒரு வாழைக்குலை வைக்க எடம் உண்டா? தரையோட தரையா உக்காந்து போறதுக்கு, ஒரு பாயில என்னை இருத்தி இழுத்துட்டுப் போயிருக்கலாமே!"

அன்றே அதற்குத் தவளை என்று பெயரும் இட்டுவிட்டார். ஒரு மாதம் அதில் ஏறவேயில்லை. பிறகு, வித்துராவில் ஒரு கலியாணத்திற்குப் போக வேறு வண்டி வாய்க்காத நாளில், முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். கலியாணம் முடிந்ததும் அழகியநம்பி வீடு திரும்பாமல் காரைப் பொன்முடி மலைச் சாலையில் விட்டார். முதல் வளைவுகளில் அம்மையார் அவர் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டார். தேயிலைச் செடிகள் தென்படத் தொடங்கியபோது பிடி தளர்ந்தது. "இது இன்னும் கொஞ்சம் வேகமாப் போகாதா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அழகியநம்பி சன்னல் வழியே பார்த்தபோது, தவளையின் எஞ்சின்மேல் உள்ள முன்மூடியை அம்மையார் துடைத்துக்கொண்டிருந்தார். வாய் ஏதோ துதியை முணுமுணுத்தபடி இருந்தது. கணவர் ஓசைப்படாமல் பின்வாங்கிக்கொண்டார். அதன்பின் ஒரு நாளும் அது தவறவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

மழைக்காலம் ஓய்ந்து வெயில் தெளிந்த ஒரு நண்பகலில் முன்மூடியில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. நிழலில் மறைந்தன, வெயிலில் நரம்புபோல் மின்னின. அழகியநம்பி காரைப் பாப்பனங்கோட்டில் கார் மெருகேற்றும் கடை வைத்திருக்கும் பிஜியிடம் கொண்டுபோனார்.

"ஸாரே, செராமிக் கோட்டிங்னு ஒரு பூச்சு, அதை அடிச்சா மதி, போதும். பின்ன ஒரு துளி வெள்ளம் ஒட்டாது, முத்து மாதிரி உருண்டு போகும். பறவை எச்சம் விழுந்தாலும் கழுவினா போயிடும், கேட்டோ."

"கீறல் விழாதா?"

"ஞான் எதுக்குப் பொய் பறயணும்? கீறலு குறையும். கல்லு தெறிச்சா அதுக்கும் படும்."

"இப்போ இருக்கிற கீறல்?"

"அது முதல்ல பாலிஷ் போட்டு எடுக்கணும். எடுக்காம மேல அடிச்சா கீறலையும் சேத்துப் பூட்டின மாதிரி ஆயிடும்."

"பாலிஷ் என்றால், மேல் பூச்சைத் தேய்த்து மெலிசாக்குவதுதானே?"

பிஜி சிரித்தான். "ஸாரு பல்லு டாக்டரல்லயோ! கொஞ்சம் மெலியும். முன்னாடி இருந்த ஆளும் ஒரு தடவை போட்டிருக்கு. இனி ஒரு தடவை தாங்கும். அதுக்கும் மேல போனா பெயிண்ட் அடிக்கணும்."

தேய்ந்த பல்லின் மேற்பூச்சு மீண்டும் வளராது என்பதை நாள்தோறும் பிறர்க்குச் சொல்பவருக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. வியாழக்கிழமைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வீடு திரும்பினார்.

செய்தியைக் கேட்ட சரஸ்வதியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "பூச்சுன்னா, சாமிக்குச் சந்தனக்காப்பு சாத்துவாவளே, அது மாதிரியா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"காப்புன்னா மறுநாள் களையணுமே. இதை எப்பம் களைவாவ?"

"களைவதில்லை. வருஷக்கணக்கில் இருக்கும்."

"அப்பம் தொடைக்காண்டாமா?"

"வேண்டாம். தண்ணீர் விட்டாலே போதும்."

"ஓ" என்றார் அம்மையார். மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டார். அந்த ஒற்றை எழுத்தின் பொருள் அப்போது கணவருக்கு எட்டவில்லை. அவர் சிந்தை கீறல்களின் காரணத்தில் இருந்தது.

மறுநாள் பல்லின் நுண்பிளவுகளைக் காண அணியும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்மூடியின்மேல் குனிந்தார். அண்டை வீட்டு வங்கி அதிகாரி சற்குணம் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"டாக்டரே, எத்தனை பல்லு சொத்தை?"

"சொத்தை ஒன்றுமில்லை. எல்லாம் கீறல்."

"பூனையாக்கும்."

"பூனை நகம் ஆழமாகப் பதியும். இவை வளைந்து, ஒன்றையொன்று ஒட்டியே போகின்றன. பாருங்கள், கை வீசித் துடைத்தாற்போல..."

சொல்லிவந்தவர் நிறுத்திக்கொண்டார். கீறல்கள் யாவும் முன்மூடியின் பாதியோடு முடிந்தன. உயரம் குறைந்த ஒருவரின் கை எட்டும் எல்லை அது. கொல்லைக் கொடியில், காலையில் அம்மையார் காரைத் துடைத்து அலசிப்போட்ட அவருடைய பழைய பாலராமபுரம் கைத்தறி வேட்டி உலர்ந்துகொண்டிருந்தது, கசவு எனப்படும் விரலகலச் சரிகைக் கரையோடு. சரிகை என்பது நூலின்மேல் சுற்றிய உலோக இழையல்லவா! வேட்டியை உள்ளே கொண்டுபோய், ஒரு புதிய பளபளப்பான பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் அந்தக் கரையை அழுத்தித் தேய்த்தார். கரண்டியில் அதே நரம்புகள் தோன்றின.

காரணம் தெரிந்தும் அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. முன்பொருமுறை, அம்மையார் வீணை வாசிக்கையில் ஒரு தந்தி சற்று இறங்கியிருக்கிறது என்று இவர் சொல்லப்போக, அன்று உறையிட்ட வீணை இன்றும் உறைக்குள்தான் இருக்கிறது. சண்டையில்லை, சினமில்லை, ஆனால் தொடுவதில்லை. தவளையும் அப்படியாகிவிட்டால்? பிஜியிடம் ஓட்டிப்போய்ப் பூச்சுப் பூசிவிட்டால் பேச்சே எழாது. ஆனால் துடைக்க வேண்டாம் என்றதும் "ஓ" என்று அடங்கிய குரல் இப்போது அவர் காதில் திரும்ப ஒலித்தது. சொன்னாலும் அம்மையார் கை காரைவிட்டு விலகும். சொல்லாமல் பூசினாலும் விலகும்.

என்ன செய்வதென்று அறியாதபோது எப்போதும் செய்வதையே அழகியநம்பி செய்தார். கேட்டார்.

"சரசு, வீட்டில் எத்தனையோ துணி இருக்க, காரைத் துடைக்க ஏன் அந்தக் கசவு வேட்டி?"

அம்மையார் நாணினார். "பாத்துட்டியளா? பின்னே, கரித்துணியாலயா தொடைப்பாவ? சாமிக்குக் கரை வச்ச துணிதானே சாத்துவாவ. என்னை மலைக்கு மேல தூக்கிட்டுப் போன வண்டியாக்கும் அது."

சொல்லிக்கொண்டே மேசைமேல் கிடந்த கரண்டியை எடுத்தார், திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் வேட்டியும் கிடந்தது.

"இதென்ன கீறல்?" அம்மையார் கசவை விரலால் தடவினார். வெளியே போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தார். "பத்மநாபசாமி மேனி தேயாம பூவை எடுக்கவே மயிலிறகு வேணும்னு தெரிஞ்ச எனக்கு, இது தெரியாமப் போச்சே."

கூடத்து மூலையில் உறைக்குள் கிடந்த வீணை கணவர் கண்முன் வந்து நின்றது.

அம்மையார் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கத்தரிக்கோல் இருந்தது. வேட்டியை மடியில் விரித்து, கரையோரமாக நறுக், நறுக்கென்று வெட்டத் தொடங்கினார்.

"என்ன செய்கிறாய்?"

"தவளைக்குக் கலியாணமா நடக்கு, கசவு உடுக்க? கரைதானே கீறுச்சு, நானா கீறினேன்? இனி வெறுந்துணி. தண்ணி விட்டு நனைச்சிட்டுத் தொடைக்கேன்."

அழகியநம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பிஜியிடம் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேனே?"

"இருக்கிற தோலைத் தேய்ச்சு மெலிசாக்கியா புதுத்தோல் போர்த்தணும்? கீறல் கெடக்கட்டும். வெயில்ல நின்னு பாத்தாத்தானே தெரியும்; வெயில்ல நிக்காதிய!"

மருத்துவர் பிஜியைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது வேண்டாம் என்றார். "சேச்சிக்கு இஷ்டமில்லையோ?" என்றான் அவன். "சேச்சி வேறு காப்பு வைத்திருக்கிறாள்" என்றார் இவர்.

அது விளையாட்டுக்குச் சொன்ன சொல். ஆனால் அவர் வெளியே வந்தபோது, காரின் கதவு திறந்திருந்தது. தாழ்ந்த இருக்கையில் யார் உதவியுமின்றி அமர்ந்து, வெட்டியெடுத்த கசவுக் கரையைப் பின்பார்வைக் கண்ணாடியின் காம்பில் சுற்றி, திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டுவதுபோல் முடிச்சிட்டுக்கொண்டிருந்தார் சரஸ்வதியம்மாள்.

"இங்க எதையும் கீறாது. இதைக் களையாண்டாம்" என்றார். பிறகு, "ஏறுங்க. பொன்முடி வரைக்கும் ஒரு போக்கு" என்றார்.

அரவணைமேல் துயிலும் பெருமான் அவர்கள் போகும் வழியெல்லாம் துணை வருக. அந்த மனையில் கேட்கும் வாய் ஓயாதிருக்க, துடைக்கும் கை சோராதிருக்க. உறைக்குள் இருக்கும் வீணையும் ஒருநாள் வெளிவந்து பாடுக. அவ்வில்லம் நீடு வாழ்க.