சத்தம் வராத பெட்டி

அன்று கோயில் முன்னால் ஊர்க்கவுண்டர் இருந்தார், சுமை தூக்கும் எட்டுப் பேர் இருந்தார்கள், என் அப்பாவும் நானும் இருந்தோம். யாரைப் பற்றிப் பேசினோமோ அந்த வெள்ளைக்காரர் மட்டும் இல்லை.

காப்பித் தோட்டத்து பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்தவர் அவர். பியானோ வாசிப்பவர், ஊர் ஊராகக் கச்சேரி செய்பவர் என்று பங்களா சமையல்காரர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை சென்னையில் கச்சேரி. புதன் காலை மலையிறக்கிவிட எட்டு ஆட்கள் கேட்டிருந்தார். வியாழன் இறங்கினாலும் ரயிலைப் பிடித்துவிடலாம். அதற்குப் பிறகு முடியாது.

"வாத்தியம்னா சத்தம் வரணுமில்லீங்க?" என்றார் சுமைக்காரர் ஒருவர். "கூடக் கொண்டாந்த பொட்டி முன்னால உக்காந்து பொழுதுக்கும் வெரலை ஆட்டறான். ஒரு சத்தமில்லை."

"நீ உள்ளே போனியே. என்ன பார்த்தே, சொல்லு சாமி" என்றார் கவுண்டர்.

தபால் கொடுக்கப் போனபோது பெட்டிமேல் விரித்திருந்த காகிதத்தைப் பார்த்திருந்தேன். வரிசை வரிசையாக ஐந்தைந்து கோடுகள், அவற்றில் புள்ளிகள், புள்ளிகளுக்கு மேல் பென்சிலில் எண்கள். ஒன்று முதல் ஐந்து வரைதான். ஆறு எங்குமே இல்லை. எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அடிவாரத்தில் கணக்குப்பிள்ளையிடம் வரிக்காக நிலங்களுக்கு ஒன்று, இரண்டு என்று தரம் போட்ட ஏட்டைப் பார்த்தவன்.

"நிலத்துக்குத் தரம் பிரிச்சிருக்காங்க. கோடெல்லாம் வரப்பு. புள்ளியெல்லாம் மிளகுக் கொடியாட்ட இருக்குதுங்க."

"வரி போடத்தான் வந்திருக்கான்" என்றார் கவுண்டர். புதன்கிழமை யாரும் போகவில்லை.

அன்று மதியம் வேவு பார்க்க என்னையே அனுப்பினார்கள். அவர் பெட்டி முன்தான் இருந்தார். எண்களைக் காட்டி, எந்த ஊர் நிலம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.  அவர் என் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலை பெட்டியில் வரிசையாக இருந்த கட்டைகளில் ஒன்றில் வைத்து அழுத்தி, ஒன்று என்றார். அடுத்தது இரண்டு. சுண்டுவிரல் ஐந்து. ஆறு எது என்று கேட்டேன். என் கையைத் திருப்பிக் காட்டினார். அதற்கு மேல் விரல் இல்லை. பியானோ இல்லாத இடத்தில் விரல் மரத்துப்போகாமல் இருக்கத்தான் இந்த ஊமைப் பெட்டி என்றார். ஆட்கள் எப்போது வருவார்கள் என்றும் கேட்டார்.

ஓடிவந்து சொன்னேன்.

"நேத்து தரம்னே, இன்னிக்கு வெரலுங்கறே" என்றார் கவுண்டர். "ஏனுங்க தம்பி, பங்களாவுல காப்பி பலமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழனும் போயிற்று. வெள்ளிக்கிழமை அடிவாரத்து ஆட்கள் வந்து அவரையும் பெட்டியையும் இறக்கினார்கள். கச்சேரிக்கு இருநூறு ரூபாய் பேசியிருந்ததாகச் சமையல்காரர் சொன்னார்.

"வெரலை ஆட்டறதுக்கா எரநூறு?" என்றார் கவுண்டர் என்னைப் பார்த்து. "அதையும் நம்பச் சொல்றியா கண்ணு?"

எங்கள் ஊர் எட்டுப் பேருக்கு வரவேண்டிய கூலி அடிவாரத்துக்குப் போனது. ஆளுக்கு எட்டணா, மொத்தம் நாலு ரூபாய்.