வறண்ட ஆற்றில் அடித்த கூடாரம்

சென்ற விடுமுறைக்கு நானும் கணவரும் நாங்கள் வசிக்கும் பாடன் நகரத்திலிருந்து நமீபியா போய், வாடகை ஜீப்பில் பாலைவனத்தைச் சுற்றினோம். ஒரு நண்பகலில், வறண்ட ஆற்றுமணலில் மரநிழல் கண்டு கூடாரம் அடித்தோம். கரையில் ஆடு மேய்த்த பெண்ணொருத்தி தொலைவில் மேகம் சூழ்ந்து கறுத்திருந்த மலையைக் காட்டிக் கத்தினாள். மொழி புரியாவிட்டாலும் அவளது பதற்றம் புரிந்தது.

"இஞ்ச ஒரு துளி மழையும் இல்லை. ஏன் பயப்பிடுறீர்?" என்றார் கணவர்.

"மழை அங்க பெய்யுது. தண்ணி இஞ்சதான் வரும். ஜீப்பை எடுங்கோ!" என்றேன்.

கூடாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரையேறினோம். சில நிமிடங்களில் செம்மண் வெள்ளம் இரைந்து வந்து அதை அள்ளிக்கொண்டு போனது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஊர் திரும்பி எங்கடின் மலைப்பள்ளத்தாக்கில் முகாமிட்டாலும், ஓடை தொடங்கும் மலையில் வானிலை எப்படியென்று முதலில் பார்க்கிறேன். கூடாரம் அடிப்பது மேட்டில்தான்.