சகாயமேரி திருத்திய வரிகள்

சகாயமேரி இறந்த செய்தி விழுப்புரம் பேருந்து நிலையத்தில் எனக்கு வந்தது. திண்டிவனம் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அவருடைய தம்பி அந்தோணி கூப்பிட்டார். "சார், அக்கா பூட்டாங்க" என்றார். காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்து ஐந்தாவது நாள். அவரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். மடியில் இருந்த பையில் சாத்துக்குடி இருந்தது. நடத்துநர் வந்து எங்கே என்று கேட்டார். திண்டிவனம் என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது கைபேசியைப் பார்த்தேன். எங்கள் மென்பொருள் குழுவில் ராஜசேகர் இரங்கல் குறிப்பு போட்டிருந்தார். "சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்து உதவிய சகோதரி. பொறுமையின் வடிவம்." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். சாலையோரத்தில் நின்று அதை மூன்று முறை படித்தேன். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் குறிப்புதான் காரணம். சகாயமேரியை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன். ராஜசேகரும் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊர்ப்புற நூலகங்களுக்கான ஒரு மென்பொருளை நாங்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருக்கும் நிரலைப் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். அதைத் தொடங்கியவர் ராஜசேகர். ஊர் திண்டிவனம். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். வருகிற திருத்தங்களைப் பார்த்து ஒப்புதல் தருகிறவர்களில் ஒருவன். சகாயமேரி மயிலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வக உதவியாளர். தினமும் திண்டிவனத்திலிருந்து பேருந்தில் போய்வருவார். குழுவில் யாரும் அவரை அழைக்கவில்லை. தானாக வந்தார்.

அவர் அனுப்பிய முதல் திருத்தம் எனக்கு விளங்கவில்லை. ஒரே கோப்பில் ஆறு பேர் ஆறு விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் வரியை உள்ளே தள்ளி எழுதுவார், ஒருவர் ஒட்டி எழுதுவார். ஒரே விஷயத்துக்கு ஒருவர் வைத்த பெயர் வேறு, அடுத்தவர் வைத்த பெயர் வேறு. எல்லாவற்றையும் ஒரே சீராக மாற்றியிருந்தார். வேலை செய்யும் விதத்தில் எந்த மாற்றமும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். "இதனால என்னம்மா லாபம்? கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

"கம்ப்யூட்டர் குழம்பாதுங்க சார். படிக்கிற ஆளுதான் குழம்புவாரு. ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் படிச்சிக்கினு இருக்கணும். அதுக்குத்தானே எல்லாருக்கும் தொறந்து வெச்சிருக்கோம்?"

ஒப்புதல் கொடுத்தேன்.

அதற்குச் சில மாதம் கழித்து விழுப்புரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. குழுவினர் நேரில் பார்த்துக்கொண்ட முதல் கூட்டம் அது. ராஜசேகர் மேடையில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் நான். சகாயமேரி செய்த திருத்தங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். "இத்தனை வரி மாறியிருக்கு. என்ன மாறியிருக்குன்னு பாருங்க. ஒண்ணும் மாறல" என்றார். சிரிப்பு எழுந்தது. பிறகு, "கூட்டிப் பெருக்குற வேலை. அதுக்கும் ஆள் வேணும்தான். சிலருக்கு அது கைவந்த கலை" என்றார்.

சகாயமேரியின் அம்மா நகராட்சியில் தெருக் கூட்டும் வேலை பார்த்தவர். ராஜசேகர் வீடு இருந்த தெருவும் அவர் கூட்டிய தெருக்களில் ஒன்று. அது ராஜசேகருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கூட்டம் மறுபடி சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சகாயமேரி, திரையைப் பார்த்தபடியே இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் தேடினேன். போய்விட்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கத் திண்டிவனம் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் பேசி முடிக்கும்வரை கேட்டார்.

"சிரிச்சது சிரிச்சதுதாங்க சார். அத வாபஸ் வாங்க முடியாது. இனிமே நான் அனுப்புறத ஒழுங்கா படிச்சுப் பாருங்க. சரியா இருந்தா ஓகே குடுங்க. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க. எனக்கோசரம் எதுவும் பண்ண வேணாம்."

அடுத்த மாதத்திலிருந்து திருத்தங்கள் வரத் தொடங்கின. இந்த முறை அவர் எடுத்தது ராஜசேகர் எழுதிய கோப்புகளை மட்டும்.

எங்கள் திட்டத்துக்கு எழுத்து விதிகள் உண்டு. ஒரு வரி எவ்வளவு நீளம் இருக்கலாம், பெயர் எப்படி வைக்க வேண்டும் என்பது வரை எழுதி வைத்தவர் ராஜசேகர்தான். விதிப்படி வரும் திருத்தத்துக்கு இருவர் ஒப்புதல் தந்தால் சேர்க்கப்படும், மறுப்பவர் காரணத்தை எல்லோரும் பார்க்க எழுத வேண்டும் என்பதும் அவர் எழுதியதே. தான் எழுதிய விதிகளை அவர் தன் கோப்புகளில் கடைப்பிடித்ததில்லை. சகாயமேரி ஒவ்வொரு திருத்தத்தின் மேலும் விதி எண்ணைப் போட்டு அனுப்பினார். ஒரு தடவைக்கு ஒரே வகை மாற்றம். மாற்றும் முன்பும் பின்பும் மென்பொருள் ஒரே மாதிரி ஓடுகிறது என்று காட்டும் சோதனை முடிவு. ஒரு காற்புள்ளியில்கூடக் குறை சொல்ல முடியாது. வாரம் ஒன்று, சில வாரம் இரண்டு என ஒரு வருடத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தன.

இந்த மாதிரித் திட்டங்களில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் பதிவாகியிருக்கும். அதைக் காட்டும் கட்டளைக்குப் 'பிளேம்' என்று பெயர். பழி என்று பொருள். அந்த வருடக் கடைசியில் ராஜசேகரின் முக்கியமான கோப்புகளைத் திறந்து அந்தக் கட்டளையைக் கொடுத்தால், மேலிருந்து கீழ்வரை சகாயமேரி, சகாயமேரி, சகாயமேரி என்று வந்தது.

அவரிடம் கேட்டேன். "பழி வாங்குறீங்களா?"

"ஆமாங்க சார்" என்றார், உடனே. "ஆனா நல்லா வாங்கணும். ஒரு வரி தப்பாப் போச்சுன்னா அது பழி இல்ல, அசிங்கம்."

"போதும்னு தோணலையா?"

"போதும்னு அவரு சொல்லட்டும்."

ராஜசேகர் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் சகாயமேரி தேடல் பகுதிக்கு வந்து சேர்ந்தார். புத்தகத்தின் பெயரை அரைகுறையாகத் தட்டினாலும் கண்டுபிடித்துக் கொடுக்கும் பகுதி அது. எங்கள் மென்பொருளில் எல்லோரும் மெச்சுவது. கல்லூரி விழாக்களில் ராஜசேகர் அதைப் பற்றித்தான் பேசுவார். தன்னந்தனியாக எழுதியது என்பார். ஒரு மதியம் சகாயமேரி கூப்பிட்டார்.

"சார், இது அவரு கையெழுத்து இல்ல. அவர ஒரு வருசத்துக்கு மேல படிச்சிக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா? சீர் பண்ணப் பண்ண வேற ஆளு வெளிய வர்றாரு."

அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்தும் இருந்தார். வேறு நாட்டு மாணவர் ஒருவர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் தந்த நிரல். எடுத்துக்கொள்ளலாம், மேலே தன் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். "பேரு மட்டும்தான் கேட்டிருக்காரு. அதையும் சொரண்டிட்டாங்க" என்றார் சகாயமேரி.

 குழுவில் உடனே போட்டு உடைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "நீங்க எழுதுனா சண்டை ஆகும். நாலு நாளு பேஜாரு, அப்புறம் மறந்துடுவாங்க. நான் விதிப்படி அனுப்புறேன்."

மறுநாள் திருத்தம் வந்தது. தலைப்பு: "விதி பதினொன்று: கோப்பின் தொடக்கத்தில் விடுபட்ட ஆசிரியர் பெயரைச் சேர்த்தல்." உள்ளே ஒரே ஒரு வரி, மூல நிரல் இருக்கும் முகவரியோடு. குற்றச்சாட்டாக ஒரு சொல்லும் இல்லை. அந்த முகவரியைத் திறந்து பார்க்காதவர் குழுவில் யாரும் இருந்திருக்க முடியாது. நான் ஒப்புதல் கொடுத்தேன். இன்னொன்று தேவை. யாரும் கொடுக்கவில்லை, எல்லோரும் ராஜசேகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் கழித்து அவர் எழுதினார்: "சரி." அந்த ஒரு சொல்தான்.

உடனே சகாயமேரியைக் கூப்பிட்டேன். பேருந்தில் இருந்தார். "பாத்தேங்க சார். பாத்துக்கினே இருந்ததுல ரெண்டு ஸ்டாப்பிங் தாண்டி வந்துட்டேன்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அதன் பிறகு எந்த மேடையிலும் ராஜசேகர் தேடல் பகுதியைப் பற்றிப் பேசவில்லை. தலைமைப் பொறுப்பை விட்டு விலகவும் இல்லை. சகாயமேரியிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை, இரங்கல் எழுதும் நாள் வரும்வரை.

பொறுமையின் வடிவம் என்று அவர் எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சகாயமேரி பொறுமைசாலி இல்லை. மன்னித்தவரும் இல்லை. தன்னை எந்த வேலையைச் சொல்லிக் கேவலப்படுத்தினார்களோ அந்த வேலையை வைத்தே திருப்பி அடித்தவர். அடி விழுந்த ஒவ்வொரு இடத்திலும் நிரல் முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஓமந்தூர், பெருமுக்கல் நூலகங்களில் இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

அவர் இறந்த நான்காம் நாள் திட்டத்தின் வேலைப்பட்டியலைப் பார்த்தேன். சகாயமேரி பெயரில் மூன்று கோப்புகள் மிச்சம் இருந்தன. மூன்றும் ராஜசேகர் எழுதியவை. "தொடர ஆள் இல்லாததால் மூடப்படுகிறது" என்று எழுதி மூன்றையும் அவர் மூடியிருந்தார். நான் திறந்தேன். என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு அவருடைய வேகம் கிடையாது. முதல் கோப்பு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. நேற்று அனுப்பிவிட்டேன். விதி எண்கள், சோதனை முடிவுகள், மேலே சகாயமேரியின் பெயர், அடுத்து என் பெயர். ஓமந்தூர் நண்பர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒப்புதல் தந்தார். இரண்டாவது ஒப்புதலை வேறு யாரும் தர வேண்டாம் என்று குழுவில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது ராஜசேகருடையதாக இருக்க வேண்டும்.

சகாயமேரியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த மூன்று கோப்புகளும், அவற்றை முடிக்கும்வரை தணியக்கூடாத ஒரு கோபமும். ராஜசேகர் நிதானமாகவே படிக்கட்டும். இன்னும் இரண்டு இருக்கின்றன.